நீதிமன்ற உளவியல்: ஊரிடையே ஓர் உயர்கல்வி

நீதிமன்றத்தின் முன் ஒருவர் நிறுத்தப்படும்போது இரு வினாக்கள் எழுகின்றன. அச்செயலை அவர் செய்தாரா என்பது ஒன்று. செய்தார் என்று கண்ட பின் அவரை என் செய்வது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை காணச் சாட்சிகள் உளர், ஆவணங்கள் உள, கைரேகையும் இரத்தக் கறையும் உள. இரண்டாம் வினாவுக்கோ இவற்றுள் ஒன்றும் துணை செய்வதில்லை. அவருடைய மனநிலை யாது, அவர் வளர்ந்த வீடு எத்தகையது, மீண்டும் ஊருக்குள் விட்டால் எங்ஙனம் வாழ்வார், அவரை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பனவற்றை யாரேனும் சென்று ஆராய்ந்து வந்து சொல்ல வேண்டும். அவ்வாறு ஆராய்வதற்கென்றே ஒரு கல்வி இருக்கிறது. அதனைப் பற்றி இன்று நேயர்களுடன் பேச எண்ணுகிறோம்.

தடயவியல் உளவியல் என்பது இக்கல்விக்கு இப்போது வழங்கும் பெயர். இப்பெயர் நமக்கு அத்துணை உவப்பாக இல்லை. தடயம் என்பது குற்றம் நிகழ்ந்த இடத்திலே கிடக்கும் அடையாளம். கண்ணாடித் துண்டு, மயிரிழை போல்வது. மனத்தை அவ்வாறு பொறுக்கி எடுத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்ப இயலாது. மேலை மொழிகளில் இத்துறைக்குள்ள பெயர், பண்டை உரோமாபுரியில் மக்கள் கூடி வழக்குரைத்த பொதுமன்றத்தின் பெயரிலிருந்து பிறந்தது. ஊர் கூடுமிடமே வழக்கு நடக்குமிடமாகவும் இருந்தது. ஆதலின் இவ்வுரையில் நீதிமன்ற உளவியல் என்றே வழங்குவோம்.

இதனுள்ளும் ஊரிடையே பயிலும் பிரிவு ஒன்றுண்டு. சிறைச் சுவருக்குள்ளும் மருத்துவமனைக் கட்டிலிலும் மட்டுமே ஒருவரைக் கண்டு முடிவு கட்டாமல், அவர் வாழ்ந்த தெரு, உழைத்த இடம், உண்ட வீடு, உற்றார், அண்டை அயலார் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்து அவரை அறிவதும், விடுதலைக்குப் பின்னர் அதே சூழலில் அவர் நிலைபெற உதவுவதும் இப்பிரிவின் பணி. இதனைப் பட்டத்திற்கு மேற்பட்ட படிப்பாகப் பயில விரும்பும் இளைஞர்க்கு நம் நாட்டில் என்ன வழி இருக்கிறது, எவ்விடத்தில் அவ்வழி தடைப்படுகிறது என்பதே நம் பொருள்.

இக்கல்வி இல்லாத குறையால் என்ன நேரும் என்பதற்கு அசாம் மாநிலத்திலிருந்து ஒரு வரலாறு கூறலாம். சில்சாங் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் மச்சல் லாலுங். ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1951ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டார். சித்த சுவாதீனம் இல்லாதவர் எனக் கருதப்பட்டுத் தேஜ்பூரிலுள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967ஆம் ஆண்டில், இவர் நலமுற்றுவிட்டார், விசாரணையை எதிர்கொள்ளத் தக்கவர் என்று மருத்துவமனையார் சான்று அளித்தனர். ஆனால் விசாரணை நடைபெறவில்லை. வீட்டுக்கும் அவர் அனுப்பப்படவில்லை. மனித உரிமை ஆணையத்தின் பார்வை இச்செய்தியின்மேல் விழுந்த பிறகு, 2005ஆம் ஆண்டில், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் அவர் விடுவிக்கப்பட்டார். இடையிலே கழிந்தவை 54 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடும் மாதந்தோறும் ஒரு தொகையும் வழங்குமாறு ஆணையிட்டது. அவற்றை நெடுநாள் துய்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 2007ஆம் ஆண்டிலேயே காலமானார்.

இதிலே ஒருவரைச் சுட்டி, இவரே கொடியவர் என்று சொல்லுதல் எளிதன்று. மருத்துவர் தம் சான்றை எழுதினார். சிறைக் காவலர் தம் கதவைப் பூட்டினார். நீதிமன்றத்தில் அக்கட்டு எந்த அலமாரியில் உறங்கியதோ! ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் நின்றனர். தேஜ்பூரிலிருந்து சில்சாங் வரை பேருந்தில் சென்று, ‘இவருடைய உறவினர் யாவர், இவரை ஏற்பீர்களா, இவர் வந்தால் எங்கே உறங்குவார், மருந்து எங்கே வாங்குவார்’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதைத் தம் கடமையாகக் கொண்டவர் ஒருவரும் அந்த ஏற்பாட்டில் இல்லை. நாம் கூறும் கல்வி அந்த ஒருவரை ஆக்குவதற்கான கல்வி.

இவ்வெண்ணம் புதியதன்று. 1899இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. பத்தாண்டு கழித்து, 1909இல், அந்நீதிமன்றத்தை ஒட்டி வில்லியம் ஹீலி என்னும் மருத்துவர் ஓர் ஆய்வுக் கூடத்தைத் தொடங்கினார். திருட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட சிறுவனை உடற்கூறு பார்த்து, அறிவுத் தேர்வு நடத்தி, அத்துடன் நில்லாமல், அவன் வீடு எப்படி, தாய் தந்தையர் எப்படி, யாரோடு திரிகிறான், எதற்கு ஏங்குகிறான் என்பதையெல்லாம் தனித்தனியே எழுதி வைத்தார். தீய ஒழுக்கத்திற்கு ஒரே காரணம் தேடியவர்கள் நிறைந்திருந்த காலம் அது. மண்டையோட்டின் வடிவத்தில் தேடியவர்களும் உண்டு. பரம்பரையிலே தேடியவர்களும் உண்டு. ஹீலி 1915இல் வெளியிட்ட பெருநூலில், ஒவ்வொரு சிறுவனுக்கும் காரணங்கள் பல, அவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று காட்டினார். நீதிமன்ற உளவியலின் ஊரிடைப் பிரிவுக்கு அவரைத் தந்தை என்று கூறினால் மிகையாகாது.

நம் நாட்டிலும் விதை முன்பே விழுந்தது. சென்னை மாகாணம் 1920இலேயே சிறுவர் சட்டம் இயற்றியது; இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. பம்பாயில் 1936இல் தோன்றிய டாட்டா சமூகப்பணிப் பள்ளி, பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. குற்றவியலும் சீர்திருத்த நிருவாகமும் அங்கே தனிப்பாடமாக வளர்ந்தன. 1951-52இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் இந்தியா வந்த வால்டர் ரெக்லஸ் என்னும் அறிஞர், நம் சிறைகளைப் பார்வையிட்டுச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சியும் அளித்துச் சென்றார். சாகர் பல்கலைக்கழகம் 1959இல் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் ஒரு துறை கண்டது. பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் எழுந்தது. இன்று நிம்ஹான்ஸ் என்று நாடறிந்த நிறுவனத்தின் ஒரு வேர் அது. அங்கே மருத்துவ உளவியலர் பயிற்சி பெறலாயினர். சமூகப்பணியாளர் ஓரிடத்தில், தடய ஆய்வாளர் ஓரிடத்தில், மருத்துவ உளவியலர் மற்றோரிடத்தில் என்று மூன்று கால்வாய்கள் தனித்தனியே ஓடின. மூன்றும் சேர்ந்து பாயும் வயல் நெடுங்காலம் அமையவில்லை.

சட்டமோ கல்வியைவிட விரைந்து நடந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், சிறைக்கு அனுப்பத் தேவையில்லாதவரைப் பிணைப்பத்திரத்தின்பேரில் ஊரிலேயே விட்டுவைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. அதற்கு முன்னர் நன்னடத்தை அதிகாரி அவருடைய வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றும் வகுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றவர்க்குச் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலேனும் மனநல நிலையம் அமைய வேண்டும் என்றும் விதித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் பழைய ஏற்பாடு ஒன்று தொடர்கிறது. மனநோயால் விசாரணையை எதிர்கொள்ள இயலாதவரை, நண்பரோ உறவினரோ பொறுப்பேற்று, அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து சிகிச்சை பெறச் செய்வதாக உறுதி கூறினால் வெளியே விடலாம். நண்பர் யார், உறவினர் யார், அவர் கூறும் உறுதி எத்தகையது? சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. நடைமுறையில் ஒருவர் பல நாள் அலைந்து காண வேண்டிய விடை.

சிறுவர் வழக்குகளைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பதினாறு வயது நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத ஒருவர்மேல் மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவரைப் போல விசாரிப்பதா என்பதை முடிவு செய்யுமுன் ஒரு முதல்நிலை மதிப்பீடு நடைபெறுகிறது. அச்செயலைச் செய்தற்குரிய உடல் வன்மையும் மன வன்மையும் இருந்தனவா, அதன் விளைவை உணரும் ஆற்றல் இருந்ததா, எத்தகைய சூழ்நிலையில் அது நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது என்பனவே அங்கு ஆராயப்படுவன. குழுமத்தில் ஒரு நடுவரும் சமூகப்பணியாளர் இருவரும் இருப்பர். அனுபவம் மிக்க உளவியலரின் துணையைக் குழுமம் நாடலாம் என்று சட்டம் கூறியது. 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்ச நீதிமன்றம், குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ கற்றுத் தொழில் புரிபவர் குழுமத்தில் இல்லையெனில், அத்துணையை நாடுவது கட்டாயமே என்று தெளிவாக்கிற்று. மூன்று திங்களுக்குள் இம்மதிப்பீடு முடிய வேண்டும். ஒரு சிறுவனின் வரப்போகும் பல்லாண்டுகள் இந்த மூன்று திங்களில் எழுதப்படும் ஓர் அறிக்கையைச் சார்ந்து நிற்கின்றன.

அவ்வறிக்கையை எழுதுபவர் கூர்நோக்கு இல்லத்திற்குச் சென்று, ஓர் அறையில் அமர்ந்து, சில தேர்வுத் தாள்களைச் சிறுவன் முன் வைத்து, எண்ணைக் கூட்டிப் போட்டு, ‘அறிவு வளர்ச்சி இயல்பானது, ஆதலின் விளைவை உணர்வான்’ என்று முடித்துவிட்டால் என்னாகும்? கணக்குப் போடத் தெரிந்த எல்லாச் சிறுவரும் விளைவு அறிந்தே நடப்பவர் என்றாகும். தம் வீட்டில் இளைஞர் இருக்கப் பெற்ற பெற்றோர் எவரும் இதனை ஒப்பார்! அறிந்திருப்பது வேறு, தோழர் நால்வர் சூழ நிற்கையில் அறிந்தபடி நடப்பது வேறு. மூன்றாவதாகக் கூறப்பட்ட சூழ்நிலையை அறையில் இருந்துகொண்டு அறியவே முடியாது. நன்னடத்தை அதிகாரி இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. உளவியல் மாணவர் அவ்வதிகாரியுடன் அத்தெருவுக்குச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. பள்ளியை விட்டு நின்ற நாள் எது, வீட்டில் குடிப்பவர் யார், வேலைக்கு வைத்திருந்தவர் என்ன சொல்கிறார் என்பவை அங்கேதான் கிடைக்கும்.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. மதிப்பீட்டின்போது சிறுவன் குற்றம் செய்தான் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. சட்டமும் இது விசாரணையன்று என்கிறது. அவ்வாறிருக்க, ‘நீ அன்று ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று உளவியலர் கேட்டுவிட்டால், பரிவான குரலிலே ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது போலாகிவிடும். பொதுவாக அவனுடைய ஆற்றலை அறியும் வண்ணம் கேள்வி கேட்டு, வழக்கின் நிகழ்ச்சியைத் தொடாமல் விடுவது ஒரு கலை. இதனைப் புத்தகத்திலிருந்து கற்க இயலாது. பழகிய ஒருவர் கேட்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தும், பின்னர் தாம் கேட்பதை அவர் திருத்தக் கேட்டுமே பழக வேண்டும்.

இன்னொரு பாடமும் முதல் நாளிலேயே கற்பிக்கத் தக்கது. மருத்துவரிடம் நோயாளி சொல்வது மறைவானது. நீதிமன்றம் அனுப்பிய உளவியலரிடம் சொல்வது அவ்வாறன்று. அது அறிக்கையில் ஏறும். இதனை எதிரில் இருப்பவரிடம் அவருடைய மொழியிலே, அவர் உணரும்படி முன்னரே சொல்லிவிட வேண்டும். துயரத்திலிருப்பவர் முகமலர்ந்து கேட்பவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அவரை ஆற்றுபவராகவும் அளப்பவராகவும் ஒருவரே இருத்தல் தகாது.

பயிலும் இடங்களைக் கூறுவோம். குஜராத் அரசு 2008இல் சட்டமியற்றி அமைத்த தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. காந்திநகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில் நீதிமன்ற உளவியல் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. குற்றவியல் துறைகள் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. மும்பை டாட்டா நிறுவனத்தில் சமூகப்பணியின் வழியே இத்துறையை அணுகலாம். அந்நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ என்னும் களத்திட்டம் 1990 முதல் காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் சமூகப்பணியாளரை அமர்த்தித் தொண்டாற்றி வருகிறது.

ஈண்டு மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றுண்டு. இதனை விளம்பரத் தாள்கள் உரக்கச் சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் ‘மருத்துவ உளவியலர்’ யார் என்பதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. மேற்பார்வையுடன் கூடிய முழுநேரப் பயிற்சியாக இரண்டாண்டு பயின்று, மருத்துவ உளவியலிலோ மருத்துவ, சமூக உளவியலிலோ எம்.ஃபில். பட்டம் பெற்றவர் அவ்விலக்கணத்துள் அடங்குவர். நீதிமன்ற உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்டதால் மட்டுமே ஒருவர் அப்பெயர்க்கு உரியவராகார். சித்த சுவாதீனம் பற்றி மாஜிஸ்திரேட்டு கேட்கும்போது சட்டம் சுட்டுவது மனநல மருத்துவரையும் மருத்துவ உளவியலரையுமே. இதற்கிடையே எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திற்று. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அறிக்கையில் கையொப்பமிடும் தகுதியை நாடுபவர் இந்த இலக்கணத்தை நன்கு படித்துப் பார்த்துவிட்டே கல்லூரியைத் தேர வேண்டும். சிறுவர் வழக்கு, நன்னடத்தை, சிறை நலப்பணி, விடுதலையானோர்க்கு உதவும் சங்கங்கள் ஆகியவற்றில் தொண்டாற்ற விரும்புவோர்க்கு இக்கட்டுப்பாடு அத்துணை இறுக்கமானதன்று.

இனி, கல்வியின் உள்ளடக்கம். இத்துறையை நாடி வரும் இளைஞர் பலருடைய மனத்தில் நிற்பது கருவிகளே. பொய்யறியும் கருவி, உண்மை கக்கும் ஊசி, மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் தொப்பி ஆகியவற்றைத் திரைப்படங்கள் அவர்களுக்குக் காட்டியிருக்கின்றன. ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்னும் வழக்கில் 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய இசைவின்றி இச்சோதனைகளுள் எதனையும் அவர்மேல் நடத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் கருவியின் கவர்ச்சி குறைந்தபாடில்லை. ஆய்வுக்கூடம் கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது; மாணவரை ஊருக்கு அனுப்பும் பேருந்துக் கட்டணத்திற்குக் கிடைப்பது அரிதாக இருக்கிறது போலும்!

கருவியை விடுத்து வினாப்பட்டியலுக்கு வந்தாலும், அதுவும் ஊரையே சுட்டுகிறது. ஒருவர் மீண்டும் வன்செயல் புரிவாரா என்று மதிப்பிட எச்.சி.ஆர்.-20 என்னும் முறை உலகில் மிகுதியாக வழங்குகிறது. 1995இல் கனடா நாட்டில் அது உருவாயிற்று. அதில் இருபது கூறுகள் உள்ளன. பத்துக் கூறுகள் கடந்த காலத்தைப் பற்றியவை. ஐந்து இப்போதைய மனநிலையைப் பற்றியவை. எஞ்சிய ஐந்தும், வெளியே சென்றபின் எங்கே வாழ்வார், யார் துணை நிற்பார், சிகிச்சைக்கு உடன்படுவாரா, நெருக்கடி வந்தால் தாங்குவாரா என்பவற்றைப் பற்றியவை. இருபதில் ஐந்தை ஊருக்குச் செல்லாமல் நிரப்புபவர் ஊகத்தால் நிரப்புகிறார் என்பதே பொருள். ஊகத்தை எண்ணாக எழுதிவிட்டால் அது ஊகம் என்பது மறந்துபோகும்.

மொழியும் ஓர் இடர். மனநிலையை ஆராய்பவர் பழமொழி ஒன்றைச் சொல்லி அதன் உட்பொருளைக் கேட்பது வழக்கம். நுண்பொருளை உணரும் ஆற்றல் இருக்கிறதா என்பதற்கு அது சோதனை. ஆங்கிலப் பழமொழியை மொழிபெயர்த்துக் கேட்டால், கழனியில் உழைத்தவர் திகைத்து நிற்பார். அவரே தம் ஊர்ப் பேச்சில் நாழிகைக்கு நான்கு பழமொழி சொல்லுபவராக இருப்பார். இதனை நம் முன்னோடிகள் உணர்ந்திருந்தனர். வி. வி. காமத் என்பார் 1930களிலேயே பினே அறிவுத் தேர்வைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தி அமைத்தார். சந்திர மோகன் பாட்டியா 1955இல் வெளியிட்ட தேர்வு, எழுத்தறியாதவர்க்கும் பயன்படுமாறு கட்டைகளையும் படங்களையும் கொண்டு அமைந்தது. பல மொழி வழங்கும் நாட்டில் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் தாம் பணியாற்றப்போகும் வட்டாரத்தின் பேச்சு மொழியைப் பாடமாகவே கற்க வேண்டும். மொழிபெயர்ப்பாளராகச் சிறைக் காவலரையே அமர்த்திக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். காவலரை நடுவே வைத்துக்கொண்டு யார்தான் மனந்திறந்து பேசுவார்?

பணியின் அளவை எண்ணங்களால் காட்டலாம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இவருள் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர். பெங்களூர் மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் அறிஞர்கள் 5,024 பேரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டனர். குடி, போதைப் பழக்கங்களை நீக்கி எண்ணியபோதும், நூற்றுக்கு 27க்கு மேற்பட்டோர்க்கு மனநோய் இருந்ததாக அவ்வறிக்கை கூறுகிறது. ஒரு சிறையின் கணக்கை நாடு முழுவதற்கும் நீட்டுதல் முறையன்று. ஆயினும் வேலை எவ்வளவு கிடக்கிறது என்பது விளங்கும். தூக்குத் தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில், குற்றவாளியின் உளவியல் மதிப்பீட்டையும் வாழ்க்கைப் பின்னணியையும் விசாரணை நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பிறந்த ஊருக்குச் சென்று, பள்ளி ஆசிரியரைக் கண்டு, பழைய நோய்ச் சீட்டுகளைத் தேடித் திரட்டும் வேலை அது.

ஊர் என்று கூறும்போது ஒன்றை மறத்தலாகாது. காயமுற்றவரும் அதே ஊரில்தான் வாழ்கிறார். சில வேளை அதே தெருவில், அதே வீட்டில் வாழ்கிறார். விடுதலையாகி வருபவருக்கு இடந்தேடும் உளவியலர், அவரைக் கண்டு நடுங்குபவரின் வாயிலையும் தட்டியாக வேண்டும். வீடு ஏற்காதபோது இடைநிலை இல்லங்களில் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். சில அறிக்கைகள் ‘இவர் இப்போது ஊர் திரும்புவது தகாது’ என்றே முடியும். அவ்வாறு எழுத நேரும்போது, எந்நிலை மாறினால் தகும், யார் எப்போது மீண்டும் வந்து பார்ப்பார் என்பதையும் அடியிலே எழுதி வைக்கும் பயிற்சி மாணவர்க்கு வேண்டும். மச்சல் லாலுங் கட்டில் அவ்விரு வரிகளும் இல்லை.

சமூகப்பணிப் பள்ளிகளில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை விட்டுக் களத்துக்குச் செல்லும் முறை நெடுநாளாக நிலைத்திருக்கிறது. நீதிமன்ற உளவியலுக்கும் அதுவே ஏற்றது என்று கருதுகிறோம். முதலாண்டில் நன்னடத்தை அதிகாரியுடனும் கூர்நோக்கு இல்லத்திலும், இரண்டாமாண்டில் சிறையிலும் மாவட்ட மனநல நிலையத்திலும் பயிலலாம். படிப்பின் இறுதியில் ஒரே ஒருவரையேனும் சிறைக்குள் கண்ட நாள் தொட்டு வீடு சேர்ந்து ஆறு திங்கள் ஆகும்வரை தொடர்ந்து கண்டு எழுதிய வரலாறு ஒன்றைத் தேர்வுத் தாளுக்கு ஈடாகக் கொள்ளலாம்.

இப்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்போர், கட்டணத்தையும் விடுதியையும் விசாரிப்பதோடு இன்னும் மூன்றைக் கேட்டறிவது நன்று. வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, அதனை மேற்பார்வையிடுபவர் தாமே நீதிமன்றத்தில் சாட்சி கூறியவரா, நேர்காணல்கள் எம்மொழியில் நடைபெறுகின்றன என்பனவே அவை.